வெள்ளிக்கிழமை பீஸ்

எங்கள் பிரிவு அலுவலகத்துப் பையன்கள் இப்போது கம்பத்தடிக்கு வருவதற்கு முன்பே போனைப் பார்த்து, "இந்த டிரான்ஸ்பார்மர்ல லோடு ஏறுது" என்று சொல்லிவிடுகிறார்கள். புது மீட்டர் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று தெரிகிறதாம். நல்லது, எனக்கு இதில் வயிற்றெரிச்சல் ஒன்றும் கிடையாது. போன மாதம் மூலக்குளம் டீக்கடையில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, "அண்ணே, அந்த வெள்ளிக்கிழமை பீஸ் போன கதையை ஒருவாட்டி முழுசா சொல்லு. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றானுங்க" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருத்தன் நான் கரண்ட் அடுப்பின் மேல் உட்கார்ந்து பின்பக்கம் வெந்துபோனதாகவே சொல்லித் திரிகிறானாம். உட்கார்ந்தது உண்மை. வேகவில்லை. இதை நானே எழுதிவைப்பதுதான் என் மானத்துக்கு நல்லது.

நான் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வில்லியனூர் பக்கம், ஒதியம்பட்டு தாண்டி. மாதா கோயிலைச் சுற்றி மூன்று தெரு, அதைச் சுற்றி நெல்லும் கரும்பும். ஆண்களில் பாதிப்பேர் விடிந்ததும் கம்பெனி பஸ் பிடித்துப் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். ஹெல்பராக நான் சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. முதல் வருஷம் ஏணி தூக்கினேன், அடுத்த வருஷம் ஏணி பிடித்தேன், அதற்கடுத்த வருஷம் ஏறினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

ஒரு புயலுக்குப் பிறகு முழங்கால் சேற்றில் கம்பி இழுத்து, பாகூர் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கரண்ட் கொடுத்தோம். விளக்கு எரிந்ததும் ஊரே சேர்ந்து "ஓ!" என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள்! ஒரு அம்மாள் ஓடிவந்து என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைக் கொட்டினார். நான் யார், என்ன பேர் என்று எதுவும் கேட்கவில்லை. அந்த "ஓ"வுக்காகத்தான் நாற்பது வருஷம் கம்பம் ஏறினேன் என்று சொன்னால் என் மனைவி ஆரோக்கியம் நம்பமாட்டாள். சம்பளத்துக்காக ஏறினேன் என்பாள். இரண்டும்தான்.

என் கடைசி வருஷத்தில் எங்கள் பிரிவுக்கு ஜே.இ.யாக, அதாவது இளநிலைப் பொறியாளராக வந்தவர் வசந்தி மேடம். காரைக்கால்காரர். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தோள்பையில் குடை, டார்ச், டாங் டெஸ்டர், ஒரு பொட்டலம் வறுத்த மல்லாக்கொட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர். எது இல்லாவிட்டாலும் மல்லாக்கொட்டை இருக்கும். யாராவது கத்தினால் ஒன்றை எடுத்து உடைத்து மெல்லுவார். கத்துகிறவர் முடிக்கும் வரை மென்றுகொண்டே இருப்பார். முடித்ததும், "அப்பறம்?" என்பார். அதற்கப்புறம் கத்த எவனுக்கு மூச்சிருக்கிறது?

கம்பம் ஏறுமுன் மேடத்திடம் ஒரு வழக்கம். எவ்வளவு அவசரமானாலும், மந்திரியே வந்து நின்றாலும், மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஏணியில் கால் வைக்க முடியாது.

"கையில?"

"கிளவுஸ் மேடம்."

"கால்ல?"

"ஷூ மேடம்."

"மேல?"

"சுவிட்ச் திறந்தாச்சு, எர்த் போட்டாச்சு, லைன்ல உயிர் இல்ல மேடம்."

"சரி, ஏறுங்கண்ணே."

மேடம் வந்த புதிதில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நரைத்த தலையோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பதில் சொல்வதா? ஒருநாள் எர்த் ராடைக் கையில் வைத்துக்கொண்டே "எர்த் போட்டாச்சு" என்று வாய் தவறிச் சொன்னேன். மேடம் என் கையைப் பார்த்தார். அன்றிலிருந்து கேள்வி பிடித்துப்போயிற்று.

இனி கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. கறி, மீன் கிடையாது. பெரியவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து, கோயில் முடிந்து வீட்டுக்கு வந்துதான் அடுப்பு மூட்டுவார்கள். முதல் வெள்ளி, ஜனங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம், ஊர் இருண்டது. டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டது. மாற்றினேன். அடுத்த வெள்ளியும் அதே நேரத்தில் டப். அதற்கடுத்த வெள்ளியும் டப்.

பீஸ் என்பது டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மேலே இருக்கும் மெல்லிய கம்பி. ஊர் அளவுக்கு மீறி இழுத்தால் தான் உருகி டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றும். "இன்னாபா, கொஞ்சம் மொத்தமான கம்பியா போட்டுத் தொலையேன்" என்று ஊரில் எல்லோரும் எனக்கு யோசனை சொன்னார்கள். மொத்தக் கம்பி போட்டால் கம்பி உருகாது, டிரான்ஸ்பார்மர் உருகும். அதுவும் பழைய டிரான்ஸ்பார்மர், என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேரைவிட மூத்தது.

மூன்றாம் வெள்ளி பீஸ் மாற்றி இறங்கியதும் மேடம் மல்லாக்கொட்டைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் அதை மடித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அண்ணே, யானாமுக்கு ஆள் கேட்டுக்கிட்டிருக்காங்க. இந்த டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுதுன்னா, யாரை அனுப்பலாம்னு மேல ரொம்ப யோசிக்க மாட்டாங்க. ஈஸ்டருக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிங்க" என்றார். சொல்லிவிட்டு, "யானாம்..." என்று மறுபடியும் தனக்குள்ளே சொல்லி ஒரு பெருமூச்சு விட்டார்.

யானாம் எங்கள் புதுச்சேரி அரசாங்கத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் இருப்பது ஆந்திராவுக்குள், கோதாவரிக் கரையில். ராத்திரி முழுக்க ரயில், அப்புறம் பஸ். எங்கள் ஊர் அரசாங்க ஊழியன் எவனையும் நடுங்க வைக்க அந்த மூன்றெழுத்து போதும். எனக்கு அது மூன்று மடங்கு நடுக்கம். ஏனென்றால் என் ஒரே மகள் ரீட்டா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் பிறந்தபோது நான் புயல் வேலையில் எங்கேயோ கம்பத்தில் இருந்தேன், குழந்தையைப் பார்க்கப் பத்து நாள் ஆயிற்று. ஆரோக்கியம் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். பேரப்பிள்ளையையாவது முதல்நாளே கையில் வாங்கவேண்டும் என்று மாதாவிடம் மெழுகுவத்தி நேர்ந்திருந்தேன். நேர்ந்தவனைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது இந்த பீஸ்!

துப்பறியும் வேலை தொடங்கியது. முதல் சந்தேகம் கோயில் மேல். சிலுவைப்பாதைக்கு மைக், ஸ்பீக்கர், வாசலில் ஃபோகஸ் லைட். பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, ஒரு வெள்ளி மட்டும் மைக் இல்லாம நடத்திப் பாருங்க" என்று கெஞ்சினேன். நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில், மைக் இல்லாமல், ஜனங்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். அந்தத் தவக்காலத்திலேயே உருக்கமான சிலுவைப்பாதை அதுதான் என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் உருகிப்போய் வீட்டுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பீஸும் உருகியது.

அடுத்த சந்தேகம் கரும்புத் தோட்டக்காரர் தனகோடி மேல். திருட்டுத்தனமாகப் பெரிய மோட்டார் போடுகிறாரோ என்று கொல்லை வழியாகப் பதுங்கிப் போனேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. "மோட்டாரு ஓடி ஒரு மாசம் ஆவுது. நீ இன்னாடா கள்ளனாட்டம் கரும்புக்குள்ள பூந்து வர்ற? கேட்டா நானே கூட்டினு வருவேன்ல?" என்று தனகோடி தோட்டத்துக்கே கேட்கும்படி திட்டினார். திட்டிவிட்டு ஒரு கட்டுக் கரும்பையும் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது வீடுகள். யாரோ அளவுக்கு மேல் எதையோ போடுகிறார்கள். வீடு வீடாக நுழைந்தேன். நான் மேலத்தெருவில் நுழைந்த சேதி எனக்கு முன்பே கீழத்தெருவுக்குப் போய்விடுகிறது. எப்படி என்று அப்போது தெரியவில்லை. போனில் பெண்களுக்கென்று ஒரு குரூப் இருந்திருக்கிறது. 'லைன்மேன் வர்றாரு' என்று ஒரு வரி போட்டால் போதும், கொல்லைப்புறச் சுவர் தாண்டிச் சாமான்கள் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பறக்கும். நான் போன வீட்டிலெல்லாம் கேஸ் அடுப்பு சாது மாதிரி உட்கார்ந்திருந்தது.

கோயில் தெருவில் என் கொழுந்தியாள் வீடு. உள்ளே போனதும் அவள் ஏன் அப்படிப் பதறினாள் என்று அன்று புரியவில்லை. "வாங்க மாமா, உக்காருங்க மாமா" என்று மெத்தை போட்ட ஒரு நாற்காலியைத் தள்ளினாள். உட்கார்ந்தேன். கொஞ்சம் சூடாக இருந்தது. வெயிலில் போட்டிருந்த நாற்காலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உட்காரும்போது மெத்தைக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஏதோ 'கிர்ர்' என்றது. கண் மூடித் திறப்பதற்குள் டீ வந்தது.

"அதுக்குள்ள எப்படி?" என்றேன்.

"பிளாஸ்க்குல போட்டு வெச்சிருந்தேன் மாமா."

நல்ல டீ. ரசித்துக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருமுனைத் தையல்காரர் மருமகள் ஜான்சி வீட்டுக்கும் போனேன். கொடியில் துணிக்குப் பதில் போனைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் புருஷனோடு பேசுகிறாள், நடுவில் நாம் எதற்கு என்று நாசூக்காகத் திரும்பி வந்துவிட்டேன். அந்த நாசூக்குக்கு என்னை யானாமுக்கே அனுப்பியிருக்கலாம்.

ஒரே ஒரு வீட்டில்தான் நான் சோதனை போடவில்லை. என் வீட்டில். என் வீட்டில் எதற்குப் போடவேண்டும்? கரண்ட் அடுப்பு வந்தால் ஊர் டிரான்ஸ்பார்மர் தாங்காது, லைன்மேன் வீட்டுக்குள் அது நுழையக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். ஆரோக்கியமும் "சரிங்க" என்று சொல்லியிருந்தாள்.

அடுத்த வெள்ளி மேடமே வந்துவிட்டார். "அண்ணே, வீட்டைப் பார்க்க வேணாம். கரண்டைப் பார்ப்போம்" என்றார். டிரான்ஸ்பார்மர் இருப்பது எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில். கீழே இருந்த வயர்ப் பெட்டியைத் திறந்து, தெருவுக்கு ஒன்றாகப் போகும் மூன்று வயரில் ஒன்றை டாங் டெஸ்டரின் வாயால் கவ்வ வைத்தார். வயரைத் தொடாமலே அதில் ஓடும் கரண்டைச் சொல்லும் கருவி அது. கோயில் முடிந்து ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் ஒரு மாதிரி வேகமாகப் போனார்கள். "இன்னா மேடம், காத்து வாங்குறீங்களா?" என்று சிலர் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேடம் அவர்களுக்கும் மல்லாக்கொட்டை கொடுத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று டெஸ்டரில் எண் ஏற ஆரம்பித்தது. படிப்படியாக இல்லை, வீடுகள் எல்லாம் கை கோத்துக்கொண்டு எழுந்த மாதிரி ஒரே ஏற்றம். மேடம் அடுத்த வயரைப் பிடித்தார், அங்கேயும் ஏற்றம். மூன்றாவதிலும் அப்படியே. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூன்று தெருவிலிருந்தும், எல்லா ஜன்னலிலிருந்தும், ஒரே சமயத்தில் கடுகு வெடித்தது.

"அண்ணே," என்றார் மேடம் மெதுவாக, "ஊரே ஒண்ணா தாளிக்குது."

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. எண் சட்டென்று இறங்கியது, மூன்று வயரிலும் சேர்ந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சேர்ந்து ஏறியது. எங்கோ உட்கார்ந்து யாரோ ஊர் முழுவதுக்கும் ஒரே திருகைத் திருகுவது மாதிரி! பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அதற்குள் புகுந்து பார்த்துவிடலாம் என்று ஓடினேன். பக்கத்தில் இருந்தது என் வீடு.

அடுக்களையில் ஆரோக்கியம் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். எதிரே உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் ஜான்சி. கீழே, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், சிவப்பு எண் மினுக்க, சாட்சாத் கரண்ட் அடுப்பு!

"அக்காங்களா, இப்ப சிம்மு. எல்லாரும் சிம்ல வெச்சுட்டீங்களா? காளான் தண்ணி வுடும், பயப்படாதீங்க" என்றாள் போனில் ஜான்சி. ஆரோக்கியம் பணிவாக ஒரு பட்டனைத் தட்டினாள். வெளியே டெஸ்டரில் எண் இறங்கியிருக்கும்.

"ஏ ஆரோக்கியம்!" என்றேன்.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் மேடத்தைப் பார்த்தாள். கையில் கரண்டி. நான் பயந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா அப்படி முழிக்கிறீங்க?" என்றாள். "கேஸு பதிஞ்சா அந்தக் கோடு நம்பரு யாரு போனுக்கு வருது? உங்க போனுக்கு. அத சொன்னாத்தான் சிலிண்டரை இறக்குவேன்னு அந்தப் பையன் வாசல்ல நிக்கிறான். நீங்க கம்பத்து மேல, போனு வண்டி டப்பாவுல! எத்தினி தடவை திருப்பி எடுத்துனு போனான் தெரியுமா? விறகை வெச்சு ஊதலாம்னா புள்ளத்தாச்சி வூட்ல புகை போடச் சொல்றீங்களா? இங்க வூட்டுக்கு வூடு இதே கதைதான். நம்பரு ஆம்பளைங்க போன்ல, ஆம்பளைங்க கம்பெனியில. நாங்க இன்னா பண்றது, காத்தையா சமைக்கிறது? ஜான்சிதான் போன்லயே அடுப்பு வாங்க சொல்லிக்குடுத்தா. எப்படி சமைக்கிறதுன்னும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவளே சொல்லித்தர்றா."

"அடியே, நீ ஒரு தட்டு தட்டுனா நான் ஒரு ஸ்டேஷன் யானாம் பக்கம் போறேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் ஜான்சி, "இப்ப ஃபுல்லா வைங்க அக்காங்களா, கொதி வரணும்!" என்றாள். பழக்கதோஷம், என் எதிரிலேயே ஆரோக்கியத்தின் விரல் போய்த் தட்டியது.

டப்!

ஊர் இருண்டது. அடுப்பின் சிவப்பு எண் செத்தது. ஆனால் போனுக்கு ஏது கரண்ட் கவலை? இருட்டில் ஜான்சியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "கரண்டு போச்சா அக்காங்களா? இங்கயும் போச்சு. வாராவாரம் இதே ரோதனை. அந்த லைன்மேன் இன்னாதான் பண்றாருன்னே தெரியல!" கீழே வரிசையாக ஜனங்கள் எழுதுவது ஓடியது. 'கம்பத்துல தூங்குறாரு.' 'டீ குடிச்சினு கீறாரு.' முந்தின வாரங்களில் இதற்கெல்லாம் என் வீட்டு போனிலிருந்தே சிரிப்புப் படம் போயிருக்கிறது. அதைப் பிற்பாடுதான் பார்த்தேன்.

இருட்டில் ஒரு சத்தம். முதலில் யாரோ அழுகிறார்கள் என்று நினைத்தேன். மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பையை நழுவவிட்டு, மல்லாக்கொட்டை தரையெல்லாம் உருள, மூச்சு முட்டச் சிரித்தார். அதைக் கேட்டு உள்ளறையிலிருந்து ரீட்டா வயிற்றைப் பிடித்தபடி வந்து சிரித்தாள். அவளைப் பார்த்து ஆரோக்கியம். கடைசியில் எனக்கும் வந்துவிட்டது, என்ன செய்ய?

பீஸ் மாற்றப் போகும்போதும் மேடம் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கையில?" என்றார். ஏறி, மாற்றி, இறங்கியதும் ஜான்சியைக் கூட்டிவரச் சொன்னார். பாவம், அந்தப் பெண் போனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தது. பறித்துக்கொள்வார்கள் என்று கண் கலங்கி நின்றது.

"நிறுத்த வேணாம்மா," என்றார் மேடம். "உன் பேச்சைக் கேட்டு மூணு தெரு ஒரே நேரத்துல அடுப்பை ஏத்துது, இறக்குது. நான் லெட்டர் போட்டாக்கூட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேக்குறாங்க. தெருத் தெருவா பிரிச்சுச் சொல்லு. குழம்பு எப்படி வைக்கிறதுன்னு உனக்குத் தெரியும். எந்தத் தெரு எப்ப வைக்கணும்னு நான் சொல்றேன்."

அடுத்த வெள்ளியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வேப்பமரத்தடியில் ஒரு கையில் டெஸ்டர், ஒரு கையில் ஜான்சி ஓடும் போன். அன்று பீஸ் தாங்காவிட்டால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"மேலத்தெரு அக்காங்களா, எண்ணெய் ஊத்துங்க," என்றாள் ஜான்சி. "கோயில் தெரு, நீங்க வெங்காயம் அறுங்க. அழுவுறதுன்னா இப்பவே அழுது முடிச்சுக்குங்க. கீழத்தெரு, பூண்டு உரிங்க. அடுப்பைத் தொட்டா லைன்மேன் வூட்டுக்கே வருவாரு, பார்த்துக்குங்க!"

ஒரு வயரில் மட்டும் எண் ஏறியது. ஏறி, நின்றது. மேலத்தெருவில் கடுகு வெடித்தது. மற்ற இரண்டு தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் கீழத்தெரு வயரில் ஒரு சின்னத் துள்ளல். பக்கத்தில் நின்ற மேடம் ஜான்சி வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். "கீழத்தெருவுல யாரது, ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கல?" என்றாள் ஜான்சி. துள்ளல் அடங்கியது. யாரென்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன், சொந்தக்காரி.

மேலத்தெரு இறங்கியது, கோயில் தெரு ஏறியது. அது இறங்கியது, கீழத்தெரு ஏறியது. பீஸ் அசையவில்லை. கடைசியில் ஜான்சி, "அவ்ளோதான் அக்காங்களா, இறக்கிடுங்க, கொத்தமல்லி தூவுங்க" என்றதும் நான் குதித்தேன். இந்த வயதில், யூனிஃபார்மில், டிரான்ஸ்பார்மர் முன்னால் குதித்தேன். மூன்று தெருவிலிருந்தும் ஒரு "ஓ!" எழுந்தது. கரண்ட் வந்ததற்கு ஊர் "ஓ" போட்டுப் பலதடவை கேட்டிருக்கிறேன். கரண்ட் போகாததற்குப் போட்ட "ஓ" அது ஒன்றுதான்.

ஆனால் எப்போதும் முறை வைத்துச் சமைக்க முடியுமா? பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதற்கு யார் யார் வீட்டில் அடுப்பு இருக்கிறது என்று அவரவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு விளக்கு எரிக்க மட்டும் அரசாங்கம் கொடுத்த குடிசை இணைப்பில் அடுப்பு ஓட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் பயம். "தானா வந்து சொல்றவங்களுக்கு அபராதம் கிடையாது, முறையா இணைப்பை மாத்திக்கலாம். மேலயும் கேட்டு வாங்கிட்டேன்" என்று மேடம் ஜான்சியின் போனிலேயே வந்து சொன்னார்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்தது. சாமியார் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை ஒரு கையில், கரண்ட் அடுப்பு இன்னொரு கையில், கோயில் தெருவிலிருந்து பெண்கள் வரிசையாக, வேப்பமரத்தடியில் கணக்கெடுக்க நோட்டோடு உட்கார்ந்திருந்த மேடத்தை நோக்கி நடந்து வந்தார்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு சிலர், தலையில் வைத்துக்கொண்டு சிலர். சாமியார் படியில் நின்று, சிரிப்பதா ஆசீர்வதிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். என் கொழுந்தியாள் கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு அடுப்பை மேடத்திடம் தூக்கிக் காட்டி, "இதுமேலதான் மேடம் எங்க மாமா உக்காந்து டீ குடிச்சாரு" என்றாள். வதந்தி பிறந்த இடம் அதுதான். எங்கள் வீட்டு முறை வந்தது. ஆரோக்கியம் இரண்டு அடுப்போடு வந்தாள்.

"உங்க வீட்டுல ரெண்டாண்ணே?" என்றார் மேடம்.

"ஒண்ணு ரீட்டா பொறந்த வூட்டுச் சீருக்கு" என்றாள் ஆரோக்கியம், என்னைப் பார்க்காமல்.

பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. ஏற்றிய அன்று மேடம் இனிப்புப் பெட்டியோடு வந்து, "எனக்கு யானாம் போட்டுட்டாங்கண்ணே" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்கு வரவேண்டிய தண்டனை இவர் தலையில் விழுந்துவிட்டதே! "மேடம், என்னாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னண்ணே பேசுறீங்க? என் வீட்டுக்காரர் அங்க வாத்தியாரு. வந்த நாள்லேருந்து யானாம் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த ஊரு ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு இப்பத்தான் குடுத்தாங்க" என்றார். அந்தப் பெருமூச்சை நான் மிரட்டல் என்று நினைத்துத் தூக்கம் கெட்டதைச் சொன்னேன். மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வாரம் ரீட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் நாள், முதல் ஆளாக, நான்தான் வாங்கினேன். ஞானஸ்நானத்தன்று வீடு முழுக்கச் சொந்தம், அடுக்களையில் இரண்டு கரண்ட் அடுப்பும் ஃபுல்லில். ஆரோக்கியத்தின் போன் அடித்தது. கேஸ் கோடும் இப்போது அந்த போனுக்குத்தான் வருகிறது. எடுத்தால் திரையில் மேடம், பின்னால் கோதாவரி.

குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்ததும் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டார்.

"கையில?"

"பேத்தி மேடம்."

"கால்ல?"

"வெறுங்கால் மேடம்."

"மேல?"

நிமிர்ந்து பார்த்தேன். "ஃபேன் ஓடுது மேடம்."

"சரி," என்றார். "உக்காருங்கண்ணே."

நாற்பது வருஷமாக எனக்கு எல்லோரும் 'ஏறுங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தியாள் ஓடிவந்து, மெத்தை போட்ட ஒரு நாற்காலியை எனக்குப் பின்னால் தள்ளினாள். பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மெத்தைக்கு அடியில் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தேன்.